வாசிப்பவர் பார்க்காத பந்தி

பொதிகை மலையடிவாரத்து ஆசிரமம் அது. அங்கே மதியச் சாப்பாட்டின்போது யாரும் பேசக் கூடாது. ஒருவர் மட்டும் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். வாசித்தவருக்குப் பந்தி முடிந்த பிறகுதான் இலை விழும். இலையில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

அந்த வருஷம் வாசிக்கும் பொறுப்பு ஆவுடையப்பனுக்கு. பாங்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். அவர் எடுத்தது ஓர் அமெரிக்க நாவல், மழை பொய்த்து நிலம் புழுதியான பின் ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி அலைகிற கதை. அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை படிக்கிற பழைய நாவல். கண் எரிய எரிய அவரே அதைத் தமிழாக்கியிருந்தார்.

பாதி வாசிப்பதற்குள் ஆசிரமம் இரண்டு கட்சியாகிவிட்டது. தேர்தல் வைக்காததுதான் பாக்கி. பேராசிரியை சௌந்தரவல்லி இது காவியம் என்றார். வக்கீல் சிதம்பரநாதன், கஷ்டத்துக்கு மேல் கஷ்டத்தை அடுக்கினால் இலக்கியமாகிவிடுமா, ஆளை அழவைக்கிற வித்தைதானே, நிறுத்துங்கள் என்றார்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கம் போயிற்று. ஆசிரமத்தின் குருவான நிறைமதி அம்மையிடம் போனார். அம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, இது பெரிய புஸ்தகமா, இல்லையா? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா என் கைப்பிரதியை அடுப்புல போட்டிருதேன்."

"நாளைக்கு நான் வாசிக்கேன், அண்ணாச்சி. நீங்க பரிமாறுங்க."

அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கேட்டதற்குப் பதில் இதுவா என்று முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் ரச வாளியைத் தூக்கினார்.

அம்மை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். அன்றைக்கு வந்தது விதைச்சோளம் பகுதி. அடுத்த விதைப்புக்கென்று வைத்திருந்த சோளத்தைத் தாய் பானையில் போடுகிறாள். தகப்பன் வாசலில் நிற்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஆவுடையப்பன் ரசம் ஊற்றியபடி வரிசையில் நகர்ந்தார். சௌந்தரவல்லியின் கண்ணீர் ரசச்சோற்றில் விழுந்தது. அவர் அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார். அந்த அழுகையும் பொய்யில்லை, பசியும் பொய்யில்லை. சமையல்கட்டு மாரியம்மாள் தரையில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசைக் கடைசியில் ஒருவர் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வக்கீலின் இலைக்கு முன்னால் வந்ததும் ஆவுடையப்பனின் கரண்டி நின்றுவிட்டது.

சிதம்பரநாதனின் வலது கை சோற்றின் மேல் அப்படியே இருந்தது. இடது கையால் இலையை மறைத்திருந்தார், யாரோ பிடுங்க வருவதுபோல. முகத்தில் அழுகை இல்லை. எட்டு வயதுப் பையனின் பயம் இருந்தது. அவர் எந்தக் கரிசல் காட்டில், எந்தப் பஞ்சத்தில் வளர்ந்தவர் என்று ஆவுடையப்பன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வரிகளை எழுதியவர் கடலுக்கு அந்தப் பக்கம் என்றைக்கோ செத்துப்போனவர். அவருடைய பானை இந்த மனிதரின் இலைக்கு முன்னால் வந்து கொதிக்கிறது. ஆவுடையப்பனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. தன் புத்தகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது எவ்வளவு சின்ன நினைப்பு என்று கூசியது. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் பந்தியில் அப்படிச் செய்யக் கூடாது.

பந்தி எழுந்தது. வக்கீலின் இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. யாரும் பார்க்குமுன் ஆவுடையப்பன் அதை இரண்டு கையாலும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் சிதம்பரநாதன் அவரைத் தேடி வந்தார். குரல் வழக்கம்போலவே கறாராக இருந்தது. இன்றைக்குக் கேட்டதுதான் இருப்பதிலேயே மோசமான பகுதி, விதையை எவளாவது சமைப்பாளா, நம்புகிறமாதிரி இல்லை, நாளைக்கே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, வக்கீல் இப்பவும் புஸ்தகம் மோசம்னுதான் சொல்லுதாரு."

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லட்டும், அண்ணாச்சி. அவரு இலையை எடுத்தது நீங்கதானே?"