தைரியத்துக்கு எத்தனை மார்க்?

"ட்டொங்... கர்ர்ர்... ட்டொங்!"

இருட்டிய பிறகு, எஸ்டேட் பங்களாவின் கோழிக்கூண்டுப் பக்கம் இப்படியொரு சத்தம் கேட்டால் யாருக்குத்தான் தொண்டையில் ரசம் இறங்கும்? விருந்துக்கு வந்த நாலு பேரும் சாப்பாட்டை விட்டு எழுந்தார்கள். மானேஜர் பரமேஸ்வரன் மட்டும் அசையவில்லை.

"பதறாதீங்க. யார் போய்ப் பார்க்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லும்."

வீட்டிலிருப்பவர்களின் பெயரைப் போட்டு, தைரியம், வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் அவரே மார்க் கொடுத்தால், அது கூட்டிப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்தது சமையல்காரி ஆரோக்கியமேரியை.

இடுப்பில் ஆறு மாதக் குழந்தையோடு நின்ற மேரி வெளியே இருட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "தொரை, என் தைரியத்துக்கு எத்தனை மார்க்குங்க?"

"பத்துக்குப் பத்து!"

"உங்களுக்குங்க?"

மானேஜர் திரையைச் சட்டென்று மூடப் போனார். அதற்குள் ஒரு விருந்தாளி எட்டிப் பார்த்துவிட்டார். "சார், ஒண்ணுன்னு இருக்கே!"

"கம்ப்யூட்டர் பாவம், போட்டதைத்தானே கூட்டும்" என்றாள் மேரி. "சிறுத்தையை வெறுங்கையால விரட்டினேன்னு இப்ப சாப்பிடறப்பத்தானே இவங்ககிட்ட சொன்னீங்க? அதையும் சேர்த்துப் போடுங்க தொரை."

நாலு பேர் பார்க்க, மானேஜர் தனக்கும் பத்து போட்டார். குழந்தையோடு நிற்கும் மேரியைவிட வேகத்தில் அவருக்குத்தான் மார்க் அதிகம்; கம்ப்யூட்டர் உடனே அவர் பெயரைச் சொன்னது.

டார்ச்சோடு வாசற்படி வரை போனார். "ட்டொங்!" துள்ளி உள்ளே வந்து விழுந்தார்.

"மேரி, கதவைச் சாத்து!"

"கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டாமாங்க?"

"அது கிடக்கட்டும், தாழ்ப்பாளைப் போடு தாயே!"

சத்தம் போட்டது எதுவென்று இன்றுவரை தெரியாது. தொரை சொந்த மூளையால் எடுத்த முதல் முடிவாயிற்றே என்று, மேரி மேல் தாழ்ப்பாளோடு கீழ்த் தாழ்ப்பாளையும் சேர்த்தே போட்டாள்.