பொன்னுரங்கத்தின் பம்பு

"பூட்டு வாங்கப் போனால் முதலில் வீட்டைத் திறந்து காட்டு என்கிறார்கள், அம்மா" என்றார் பொன்னுரங்கம்.

அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒற்றைக் கையால் லேசாக அழுத்தினாலும் ஆழக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் கைப்பம்பு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதன் சூட்சுமம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி அவருடைய அரைஞாணில்.

மலைமேல் இருந்த ஆசிரமத்துக்கும் ஒரு பம்பு கொடுத்திருந்தார். அது நின்றுபோனதால் வந்திருந்தார். வந்த இடத்தில், தன்னைவிட வயதில் சிறியவரானாலும் எல்லோரையும்போல் தானும் அம்மா என்றே அழைக்கும் பெண் குருவிடம் மனக்குறையைச் சொன்னார்.

கோவை ஆலைக்காரர் ஒருவர் அந்தப் பம்பை ஊர் ஊருக்கும் செய்துகொடுக்கத் தயார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தொடமாட்டார். இந்த வாரத்துக்குமேல் காத்திருக்கவும் மாட்டார். காட்டிய பிறகு, இது என்னுடையது என்று அவரே சொல்லிவிட்டால்?

முதலில் காப்புரிமைக்கு மனுப் போடுங்கள் என்றார்கள். அதற்கோ, படிக்கிறவன் செய்துவிடும் அளவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உரிமையும் இருபது ஆண்டுதான். அப்புறம் ஊருக்குப் பொது.

"இருபது ஆண்டு கழித்து இந்தப் பெட்டியை யார் திறப்பார்கள்?" என்று குரு கேட்டார்.

பொன்னுரங்கம் அதை யோசித்ததில்லை.

பழுதுபார்ப்பதற்காக எல்லோரையும் விலகச் சொன்னார்.

சமையல்காரி செங்கமலம் வெறுங்குடத்தோடு நகர்ந்தாள். "தண்ணி இறைக்கிறதுக்கு இவ்வளவு வெட்கமா?"

குரு போகவில்லை. துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு பம்பின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கழற்றிப் போடுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் மாட்டுகிறேன்."

பொன்னுரங்கம் பெட்டியைத் திறந்து பாகங்களைக் கழற்றிக் குருவின் முன்னால் போட்டார்.

வளைந்த கம்பியை எடுக்கச் சொன்னார். குரு இரண்டு கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார். இரண்டும் வளைந்தவை. எது, எவ்வளவு வளைவு, எந்தப் பக்கம் பார்த்து என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் பழகவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஸ்பிரிங்கை ஏன் கம்பிக்குக் கீழே வைத்தீர்கள்?"

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

மேலே வைத்தால் கையின் வலு பாதி வீணாகிறது என்றார். அப்படி வைத்துத் தோற்றதைச் சொன்னார். டவுன் பஸ்ஸின் கதவு மூடுவதைப் பார்த்தபோது விடை கிடைத்ததைச் சொன்னார். பிறகு குரு கேட்க வேண்டியிருக்கவில்லை. பொன்னுரங்கத்தின் குரல் சமையற்கட்டு வரை கேட்டது.

கடைசி நட்டு இறுகியது. தண்ணீர் வந்தது.

சிரித்தபடி திரும்பினார். ஆசிரமம் முழுவதும் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"போயிற்று" என்றார். கை அரைஞாணில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டது.

குரு கண்கட்டை அவிழ்த்துவிட்டுச் செங்கமலத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒருவன் வந்து இந்தப் பம்பு தன்னுடையது என்று சொன்னால்?"

"எப்படிச் சொல்லுவான்?" என்றாள் அவள். "இவர் சொன்னதை நாங்க எல்லாரும் கேட்டோமே."