பிடித்த மரம்

கிட்டுசாமி இருபத்தேழு வருஷம் மரம் அறுக்கிற மெஷின் விற்றவர். ஒரு மரத்தைக்கூட அறுத்ததில்லை.

மலையடிவாரத்தில் கடை. எழுபது சிசி, ஐம்பது சிசி, பேட்டரியில் ஓடுவது என்று எல்லாம் சுவரில் தொங்கும். எது எவ்வளவு எடை, எது கையை எவ்வளவு உதறும், எந்தச் சங்கிலி எந்தக் கட்டைக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வாங்க வருகிறவர்கள் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"மரத்துல மாட்டிக்குமா?"

அதற்கும் அவரிடம் ஒரே பதில்தான். "இந்த மெஷின் மாட்டாது. மாட்டுனாலும் நல்லா முறுக்கி இழுங்க, வந்துரும்."

ஐம்பத்து நாலு வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறினார். மரம் சாய்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். ஏன் இந்த வயதில் என்று வீட்டில் கேட்டபோது அவர் மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

மேலே விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பேரைச் சொன்னார்கள். நாச்சம்மா. முப்பத்தாறு வயது. சுற்று வட்டார எஸ்டேட்டுகளில் எவரும் கிட்டப் போகப் பயப்படும் மரங்களை அவள்தான் சாய்ப்பாள். அதிகம் பேச மாட்டாள்.

கிட்டுசாமி மூன்று மெஷின்களைக் கொண்டுபோய் அவள் வீட்டு முன்னால் கிடந்த அடிக்கட்டை மேல் வரிசையாக வைத்தார்.

"பெருசு எழுபது சிசி. எப்பேர்ப்பட்ட மரத்தையும் வாழைத்தண்டு மாதிரி அறுக்கும். ஆனா கனம். நடுவுல இருக்கறது ஐம்பது. கைக்கு அடங்கும், நாள் பூரா புடிக்கலாம். இது பேட்டரி. புகை கிடையாது, சத்தம் கம்மி. ஈர மரம்னா முக்கா மணி நேரத்துல சோர்ந்துரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எது நல்லதுன்னு சொல்லுங்க அம்மிணி. அதுலயே கத்துக்கறேன்."

நாச்சம்மா பெரியதை முடுக்கினாள். அது அலறிக்கொண்டு ஓடியது. உடனே அணைத்தாள். சங்கிலி முழுசாக நிற்கிறவரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். நடுவில் இருந்ததையும் அப்படியே முடுக்கி அணைத்தாள். பேட்டரி மெஷினையும் அப்படியே. ஒரு குச்சியைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஓட்டிப் பாப்பாங்க. நீங்க நிறுத்திப் பாக்கறீங்க" என்றார் கிட்டுசாமி.

"ஓடறதுல எல்லாம் ஒண்ணுதாங்கண்ணா. நடுவுல இருக்கறதை எடுத்துக்குங்க. அதுல சுவிட்சு உங்க கட்டைவெரலுக்குப் பக்கத்துல இருக்குது."

முதல் மாதம் அவருக்குக் கொடுத்ததெல்லாம் விழுந்து கிடக்கும் மரங்கள்தான். ஒருநாள் பள்ளத்தின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் கிடந்தது. இரண்டு முனையும் இரண்டு கரையில். கிட்டுசாமி மேலிருந்து அறுத்தார். பாதி இறங்கியதும் வெட்டு மூடிக்கொண்டது. மெஷின் அசையவில்லை. முறுக்கினார். இழுத்தார். புகை வந்தது.

நாச்சம்மா குனிந்து மெஷினை அணைத்தாள்.

"உக்காருங்க. கட்டை மேல கையை வைங்க. என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா கெடக்குது."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க."

அவள் வேறு மரத்துக்குப் போய்விட்டாள். கிட்டுசாமி உட்கார்ந்திருந்தார். முதலில் கடுப்பாக இருந்தது. அப்புறம் அலுப்பு. அப்புறம், உள்ளங்கைக்கு அடியில் ஏதோ மெதுவாக நகர்வதுபோல் இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது சொன்னார். "ரெண்டு பக்கமும் நடுவால வந்து நெருக்குது, அம்மிணி. தன் கனத்தையே தன்னால தாங்க முடியல அதுக்கு."

அவள் தலையசைத்தாள். வெட்டில் ஆப்பு வைத்துத் தட்டினாள். வேறு மெஷினால் அடிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் அறுத்தாள். வெட்டு வாய் திறந்தது. மெஷினை இரண்டு விரலால் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

ஆடியில் காற்று பேயாய் அடித்தது. ஒரு வாரம் விடாத மழை. எட்டாம் நாள் மேல் எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு மேலே நிற்கும் பழைய கற்பூர மரம், பெரிய யூகலிப்டஸ், சாய்ந்துகொண்டிருக்கிறது. வேர்ப்பக்கம் மண் வெடித்துவிட்டது. பதினோரு குடும்பத்தையும் தேயிலை ஆபீசில் தங்க வைத்திருக்கிறார்கள். அடுத்த மழைக்குள் சாய்த்தாக வேண்டும்.

நாச்சம்மா ஆப்புகளை எடுத்துச் சாக்கில் போட்டாள். "வாங்கண்ணா" என்றாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். வெயில் ஏறவில்லை. மூடுபனி தரையிலேயே படுத்துக் கிடந்தது. லயன் வீடுகளில் கதவுகள் திறந்தபடி கிடந்தன. ஒரு வீட்டில் அடுப்பு மேல் பாத்திரம் அப்படியே இருந்தது. நாய்கூட இல்லை.

மேஸ்திரி செபஸ்தி பாதிவழி வரைதான் வந்தார்.

"இதுக்கு மேல நான் வரல. அது சத்தம் போடுது."

"எது?" என்றார் கிட்டுசாமி.

"மரந்தான். மெஷின் ஓடற மாதிரியே சத்தம். பனி இறங்குற நாளெல்லாம் கேக்கும். எங்காளுங்க சொல்லுவாங்க, மாதையன் இன்னும் அறுத்துக்கிட்டு..." நாச்சம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"மாதையன் யாரு?"

"இந்த மரத்துல செத்தவரு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி இறங்கிப் போய்விட்டார்.

மரம் பனிக்குள்ளிருந்து வெளிவந்தது. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்ட முடியும். அடிமரமெல்லாம் சிவப்பாகப் பிசின் வழிந்து உறைந்திருந்தது. கற்பூர மரத்தின் பிசினே அந்த நிறம்தான் என்று கிட்டுசாமிக்குத் தெரியும். தெரிந்தும் கால் கூசியது.

கிட்டப் போனதும்தான் பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புத் தகடு மரத்துக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. மெஷினில் சங்கிலி ஓடுமே, அந்தத் தகடு. மரம் அதைச் சுற்றி உதடு மாதிரி வளர்ந்திருந்தது. அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேட்டுப்பக்கம் மூன்றாவதில் முழு மெஷினும் அப்படியே தொங்கியது. துருவும் பாசியும் பிசினும் மூடி, அது மரத்தில் காய்த்த காய் மாதிரி இருந்தது.

"மூணு பேரா?"

"மூணு பேரு. மொதல்ல மாட்டுனது அந்த முழுசா இருக்கறது. பின்னால வந்த ரெண்டு பேரும் சத்தம் கேட்டு மோட்டாரை மட்டும் கழட்டிக்கிட்டு ஓடிட்டாங்க."

நாச்சம்மா மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தாள். உச்சியை அண்ணாந்து பார்த்தாள். மரம் சாயும்போது விலகி ஓடுவதற்கு ஒரு பாதையைக் கத்தியால் செதுக்கிச் சுத்தம் செய்தாள். லயனுக்கு விலகிக் கீழே ஓடும் ஓடைப் பக்கம்தான் மரம் சாய வேண்டும்; அந்தப் பக்கம் அவளே முக்கோணமாக ஒரு துண்டை அறுத்தெடுத்து வாய்வெட்டுப் போட்டாள். பிறகு மேட்டுப்பக்கம் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தாள்.

"இதுவரைக்கும் அறுங்க. அப்புறம் ஆப்பு வைக்கலாம்."

கிட்டுசாமி அறுத்தார். ஈரத்தூள் சிவப்பாகக் கொட்டியது. கோட்டுக்கு இரண்டு விரல் இருக்கும்போது பள்ளத்திலிருந்து ஒரு காற்று ஏறி வந்தது. உச்சி அசைந்தது. மரம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் பின்னால் உட்கார்ந்தது. வெட்டு மூடியது.

மாட்டிக்கொண்டது.

அவர் விரல் தானாகவே முறுக்கப் போயிற்று. கை தானாகவே இழுக்கப் போயிற்று. நாச்சம்மா மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

கிட்டுசாமி கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தினார்.

மோட்டார் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

எங்கேயோ அடியாழத்தில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெலிதாக, சீராக, அலுக்காமல். மரத்தில் ஊன்றியிருந்த உள்ளங்கை வழியாக அது அவர் தோள்வரை ஏறியது.

"அம்மிணி, அது என்ன?"

"உங்க மெஷினு நின்னுருச்சான்னு பாருங்க."

"நின்னுருச்சு."

"அப்ப அது உங்களுது இல்ல. விட்டுட்டு இப்படி வாங்க."

அவர் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"காத்துல அந்தத் தகடுங்க துடிக்குதோ?"

"சிலரு அப்படித்தான் சொல்றாங்க."

"நீங்க?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"இப்ப என்ன பண்றது?"

"உச்சி நேரம் கழிஞ்சா காத்து மேலிருந்து இறங்கும். அதுவரைக்கும் நிப்போம்."

நின்றார்கள். பனி விலகவில்லை. சில நேரம் மரமே தெரியவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. வெகுநேரம் கழித்து நாச்சம்மா தானாகவே பேசினாள், மரத்தைப் பார்த்தபடி.

"மாதையன் என் வீட்டுக்காரரு. ஆறு வருஷமாச்சு."

கிட்டுசாமி திரும்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரிதான் மாட்டுச்சு. முறுக்கி முறுக்கி இழுத்தாரு. மேல பட்டுப்போன கொப்பு ஒண்ணு இருந்தது. அந்த அதிர்வுல அது ஆடறது எனக்குத் தெரியுது. விட்டுட்டு வாங்க, விட்டுட்டு வாங்கன்னு மூணு தடவை கத்துனேன். இரு, இழுத்தா வந்துரும்னு கடைக்காரர் சொல்லியிருக்காருன்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசுனது."

இருபத்தேழு வருஷத்தில் கிட்டுசாமி அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை. ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உச்சி நேரம் கழிந்தது. மேலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று இறங்கியது. மரம் முனகிக்கொண்டே முன்னால் சாய்ந்தது, ஒரு நூல் அளவு, அப்புறம் இன்னொரு நூல். வெட்டு திறந்தது. கிட்டுசாமியின் மெஷின் தானாக நழுவிப் புல்லில் விழுந்தது.

சத்தம் நின்றது.

நாச்சம்மா போய் வெட்டில் இரண்டு ஆப்பு வைத்துத் தட்டினாள். அப்போது அதற்கு ஒரு முழம் மேலே இருந்த பழைய வெட்டும் பிசின் கிழிபட வாய் பிளந்தது. ஆறு வருஷமாகத் தொங்கிய மெஷின் கீழ்நோக்கிச் சாய்ந்தது.

மறுநாள் காலை அந்த மரத்தை நாச்சம்மா சாய்த்தாள். நினைத்த இடத்திலேயே, ஓடைப் பக்கம் விழுந்தது. லயனில் ஒரு ஓடுகூட உடையவில்லை. பதினோரு குடும்பமும் வீடு திரும்பின. அதெல்லாம் மறுநாள் நடந்தது.

அன்றைக்குக் கிட்டுசாமி அந்தப் பழைய மெஷினிடம் போனார். சட்டைக் கையால் டேங்கின் மேலிருந்த பாசியைத் துடைத்தார். கீழே ஆணியால் கீறிய எண்கள் தெரிந்தன. கடையை விட்டு மெஷின் வெளியே போன தேதி. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போட்டு எழுதுவது அவர் கடையில் அவர் ஒருவர்தான்.

அவர் மெஷினை இழுத்தார். சங்கிலி உள்ளே எங்கோ சிக்கியிருந்தது. வெட்டுக்குள் விரல்களை விட்டுத் துழாவினார். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கையை மணிக்கட்டுவரை விட்டார்.

"இதை நான்தான் வித்தேன், அம்மிணி."

"தெரியுங்கண்ணா."

"எப்ப இருந்து?"

"நீங்க வந்த மொத நாளு. கொண்டாந்த மூணு மெஷின்லயும் இதே மாதிரி கீறியிருந்தீங்க."

அவர் நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்து நின்றார். கை உள்ளேயே இருந்தது. சங்கிலி விரல்களில் தட்டுப்பட்டது, வரவில்லை.

"தெரிஞ்சுமா எனக்குக் கத்துக் குடுத்தீங்க? எப்படி முடிஞ்சுது உங்களால?"

நாச்சம்மா மரத்தின் உச்சியைப் பார்த்தாள். பனிக்குள் இலைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரளத் தொடங்கியிருந்தன.

"காத்து திரும்புதுங்கண்ணா" என்றாள். "இப்பத் திறந்திருக்குது. கையை எடுங்க."