நூற்றுப் பன்னிரண்டு ஆல்பமும் ஒரு மாவு மில்லும்

"மாஸ்டர், ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க."

"என்னத்த?"

"மெட்டல."

பியூலா மாஸ்டர் ஒரு டிரம்மின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் அவர் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். இதற்கு முன் மூன்று இடத்தில் அறை எடுத்தார். மூன்று இடத்திலும் ஒரே மாதத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. கீழே மெஷின் ஓடும்போது மேலே இடி விழுந்தாலும் யாருக்கும் தெரியாது.

மாஸ்டருக்கு முப்பத்தொரு வயது. சீடர் ஞானதிரவியத்துக்கு நாற்பத்தாறு. ஒரு கல்லூரியில் நூலகர். இரண்டு வருடமாகக் கற்றுக்கொள்கிறார், இடது கால் இன்னும் பேச்சைக் கேட்கவில்லை. பேசினால் எதிரில் நிற்கிறவர் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். இப்படி மூச்சுக்காற்றில் பேசுகிற மனுஷனுக்கு, உலகத்திலேயே அதிகச் சத்தம் போடுகிற மெட்டல் இசைதான் உயிர்.

அதைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்றார் மாஸ்டர்.

"மொதல்ல எங்க ஆபீஸ் கிளார்க்குக்கு. எதையும் அடியிலேருந்து ஆரம்பிக்கணும்லா? அதனால மெட்டல்னு ஒண்ணு பொறந்த காலத்து ஆல்பமாப் பாத்துக் குடுத்தேன்."

"கேட்டாரா?"

"தூங்கிட்டாராம்."

"அப்புறம்?"

"கெமிஸ்ட்ரி லெக்சரர். அவருக்கு, நார்வேக்காரங்க ஒரு மரக்கொட்டகைக்குள்ள ஒரே ஒரு மைக்க வச்சு எடுத்தது. தகரத்தத் தரையில இழுத்தாப்ல இருக்கும். வேணும்னேதான் மாஸ்டர் அப்படி எடுத்திருக்காங்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஸ்பீக்கர் போச்சுன்னு ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

மாஸ்டர் திருகை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கேண்டீன் அண்ணாச்சி தானாவே வந்தாரு," என்றார் ஞானதிரவியம். "சார், ஒரு பாட்டு கேட்டேன், நீங்க சொல்லுத மாதிரிதான் இருந்துச்சு, நல்லாருக்குன்னாரு."

"நல்ல விஷயம்தான?"

"எந்தப் பாட்டுன்னு கேட்டேன். சொன்னாரு. அது மெட்டலே இல்ல மாஸ்டர்."

டமார்!

மாஸ்டர் சிம்பல் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்திருந்தார். ஞானதிரவியம் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மாஸ்டர்?"

"ஒண்ணுமில்ல. அவருட்ட இத சொன்னீங்களா?"

"விளக்கமாவே சொன்னேன். முக்கா மணி நேரம்."

"இப்ப?"

"இப்ப நான் போனா டீய மேசையில வச்சுட்டு உள்ள போயிருதாரு."

ஞானதிரவியம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீல அட்டை, சிவப்பு மையில் வகை, கறுப்பு மையில் ஆல்பம், ஓரத்தில் வரிசை எண். வேகமாக வாசிப்பது ஒரு வகை, சாவு வீட்டு நடையில் வாசிப்பது ஒரு வகை, பிசாசு மாதிரி அலறுவது ஒரு வகை. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு என்று அவர் போட்ட பட்டியல். நூற்றுப் பன்னிரண்டு ஆல்பம்.

"இதுல ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் கேட்டாத்தான் பதினொண்ணு புரியும்," என்றார்.

"புதுசா கேக்கிறவங்களுக்கு?"

"புதுசா கேக்கிறவங்களுக்குத்தான்."

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அண்ணே, கிளார்க் கேக்கலன்னா போகட்டும். லெக்சரரும் போகட்டும். இன்னைக்கு ஏன் மொகம் இப்படி இருக்கு?"

ஞானதிரவியம் நோட்டை மூடினார்.

"அக்கா கேட்டா," என்றார்.

எப்சிபா அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவர். புருஷன் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு தம்பி வீட்டில்தான் இருக்கிறார். சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர், இப்போது பாடுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். தம்பியும் தம்பி மனைவியும் வீட்டில் கால் ஓசை கேட்காமல் நடக்கிறார்கள்.

"மூணு வாரத்துக்கு முன்னால, அக்கா சர்ச்சுக்குப் போயிருக்கான்னு நெனச்சு ஸ்பீக்கர்லயே போட்டுட்டேன். திரும்பிப் பாத்தா வாசல்ல நிக்கா. திட்டப் போறான்னு பயந்துட்டேன். 'என்னதுலே இது? எனக்கும் ஒண்ணு குடு, கேக்கேன்'ன்னா. எட்டு மாசத்துல அவளா வாயத் தெறந்து கேட்டது அது ஒண்ணுதான் மாஸ்டர்."

"என்ன குடுத்தீங்க?"

ஞானதிரவியம் நோட்டைப் பார்த்தார்.

"இதையா?"

"ஜெராக்ஸ்."

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் வந்தா. சரின்னு ஒண்ணாம் நம்பர போட்டேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, 'இது இல்லலே, அன்னைக்கு ஓடுனது'ன்னா. அன்னைக்கு ஓடுனது நான் பதினாறு வயசுல கேட்டது. சும்மா, யாரும் இல்லாதப்ப போடுவேன். அத எப்படிக் குடுக்க? இந்த நோட்டுலயே அது கிடையாது. அது மெட்டலே..."

மாஸ்டர் குச்சியை எடுத்தார். ஞானதிரவியம் வாயை மூடினார்.

"சொல்லிட்டீங்களா? அக்காட்ட?"

"சொல்லிட்டேன்."

"அதுக்கப்புறம் வந்தாங்களா?"

"வரல. சனிக்கிழமை காலையில நாக்பூருக்கு ரயில் ஏறுதா. மகன் வீடு. இனிமே அங்கதான். ரயில்ல கேக்கதுக்காவது ஒண்ணு குடுத்து அனுப்பணும். ஒண்ணே ஒண்ணு. எதுன்னு நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

"கீழ போங்க," என்றார் மாஸ்டர்.

"என்ன?"

"மில்லுக்குள்ள போயி அரை மணி நேரம் நின்னுட்டு வாங்க."

ஞானதிரவியம் போனார். குரு சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. அரை மணி நேரம் கழித்து, தலையிலும் மீசையிலும் மாவு படிந்து திரும்பி வந்தார்.

"என்ன பாத்தீங்க?"

"மெஷின் ஓடுது. கூட்டம் நிக்குது. பிச்சையா அண்ணாச்சி அரைக்காரு."

"டப்பாவ வாங்கினதும் அண்ணாச்சி என்ன செய்தாரு?"

"கேட்டாரு."

"என்னன்னு?"

"எதுக்குன்னு. புட்டுக்கா, இடியாப்பத்துக்கான்னு. ஒவ்வொரு ஆளுட்டயும் கேக்காரு. தெனமும் வாரவங்கட்டயும் கேக்காரு."

"ம்."

"அதுக்கென்ன மாஸ்டர்?"

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானதிரவியத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "புரிஞ்சிட்டு மாஸ்டர்! கேக்கணும்! மொதல்ல கேக்கணும்!"

"அப்பாடா," என்றார் மாஸ்டர்.

அன்று திங்கட்கிழமை.

புதன்கிழமை ஞானதிரவியம் நான்கு பக்கக் காகிதத்தோடு வந்தார். கம்ப்யூட்டரில் அடித்து, ஓரத்தில் கட்டம் போட்டிருந்தது.

"என்ன இது?"

"அக்காட்ட கேட்டேன். இருபத்தாறு கேள்வி."

மாஸ்டர் வாங்கி வாசித்தார். முதல் கேள்வி: அலறும் குரல் விருப்பமா, உறுமும் குரல் விருப்பமா, தெளிவான குரல் விருப்பமா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும். ஏழாவது கேள்வி: பாடல் பத்து நிமிடத்துக்கு மேல் நீளலாமா? பத்தொன்பதாவது கேள்வி: கிதார் சுருதி எவ்வளவு கீழே இறங்கலாம்?

ஒரு கட்டத்திலும் டிக் இல்லை. மாஸ்டர் கடைசித் தாளைத் திருப்பினார். பின்பக்கம் நிதானமான கையெழுத்தில் எழுதியிருந்தது: மிளகாய் வத்தல் இரண்டு கிலோ, மல்லி ஒன்றரை கிலோ, மஞ்சள் கால் கிலோ. வெள்ளிக்கிழமை மில்.

"நாக்பூருக்குக் கொண்டுபோறதுக்கு," என்றார் ஞானதிரவியம். "பேப்பரு கைக்கு வாகா இருந்துச்சாம்."

டமார்! டமார்! டமார்!

"மாஸ்டர், நான் மெட்டலே இல்லன்னு சொல்லவே இல்லையே!"

"ஐயோ, வீட்டுக்குப் போங்கண்ணே! இன்னைக்கு கிளாஸ் இல்ல."

ஞானதிரவியம் படியிறங்கினார். அவருக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். சொந்த அக்காவுக்கு ஒரு ஆல்பம் எடுத்துக் கொடுக்கத் துப்பில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனார். அது உண்மையும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். டிரம்ஸ் பக்கமே போகவில்லை.

"நாளைக்குக் காலையில ரயில்," என்றார்.

"ம்."

"நாப்பத்தி மூணா, எழுபத்தெட்டான்னு ராத்திரி பூராத் தூக்கம் இல்ல. நாப்பத்தி மூணு சோகமா இருக்கும். அவளுக்கு அது வேண்டாம். எழுபத்தெட்டுல சாத்தான் வாரான். அவ சர்ச்சுக்குப் போறவ. தொண்ணூத்தி ஒண்ணு நல்லது, ஆனா அதுக்கு முன்னால எம்பத்தாறு கேக்கணும்."

மாஸ்டர் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே தெருவைப் பார்த்தார்.

"அண்ணே, வெள்ளச் சேல கட்டிட்டு, ரெண்டு கையிலயும் தூக்குச்சட்டியோட ஒரு அம்மா மில்லுக்குள்ள போறாங்க. அது எப்சிபா அக்காவா?"

ஞானதிரவியம் எட்டிப் பார்த்தார். அக்காதான்.

"போங்க," என்றார் மாஸ்டர். "அந்த நோட்ட இங்க வச்சுட்டுப் போங்க."

ஞானதிரவியம் நோட்டை நெஞ்சோடு பிடித்தார். மாஸ்டர் கையை நீட்டினார். நீட்டிய கை மடங்கவில்லை. கடைசியில் நோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மில்லுக்குள் வத்தல் அரைத்துக்கொண்டிருந்தார்கள். நெடி மூக்கைப் பிடுங்கியது. நின்றவர்கள் எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் வாயைப் பொத்தியிருந்தார்கள், எல்லோர் கண்ணிலும் தண்ணீர். மெஷின் போட்ட சத்தத்தில் தரை அதிர்ந்தது.

"என்ன பொடிக்கு?" என்று பிச்சையா அண்ணாச்சி தொண்டை கிழியக் கேட்டார்.

"மீன் கொளம்புக்கு!" என்று ஒரு குரல் பதிலுக்குக் கத்தியது. "நாக்பூர்ல கெடைக்காதுல்லா, நல்லா நைசா அரைங்க!"

ஞானதிரவியம் நின்றுவிட்டார். யார் கத்தியது என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. முப்பது வருடம் பாடகர் குழுவில் கேட்ட குரல்.

பக்கத்தில் போய், "எக்கா," என்றார் தன் வழக்கமான குரலில்.

"என்னலே?"

"ஒண்ணு கேக்கணும்."

"கேக்கல!"

"ஒண்ணு கேக்கணும்னு..."

"சத்தமாப் பேசுலே! ஒண்ணும் கேக்கல!"

ஞானதிரவியம் இருபது வருடமாகச் சத்தமாகப் பேசியதில்லை. அவர் தொழில் அப்படி. அக்காவிடம் எட்டு மாதமாக இன்னும் மெதுவாகப் பேசிவந்தார். மிளகாய் நெடியை ஒரு மூச்சு உள்ளே இழுத்து, இருமி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"எக்கா! அன்னைக்கு ஏங்கிட்ட ஒண்ணு குடுன்னு கேட்டியே! எதுக்குக்கா கேட்ட?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"பாட்டு கீட்டு எனக்கென்னலே தெரியும்!" என்று கத்தினார். "அத்தான் போன நாள்லேருந்து நீயும் ஒம்பொண்டாட்டியும், சர்ச்சுக்காரங்களும், போன்ல எம்மவனும் எல்லாரும் ஏங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசுத மாதிரிதான பேசுதிய! எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு! எங்க போயி கத்துவேன்? அன்னைக்கு ஸ்பீக்கர்ல அவன் ஒருத்தந்தான்..."

பிச்சையா அண்ணாச்சி சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றது.

"...எனக்காகக் கத்துனான்!"

கடைசி வார்த்தை மட்டும் தனியாக மில் முழுக்கக் கேட்டது. யாரும் இருமக்கூட இல்லை. அக்கா சட்டென்று முந்தானையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

ஞானதிரவியத்துக்கு அந்தப் பாடகனைப் பற்றி எல்லாம் தெரியும். எந்த ஊர், எந்த வருடம், எந்த ஆல்பத்தோடு கெட்டுப்போனான், ஏன் அவனை எந்தப் பட்டியலிலும் சேர்க்கக் கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். வாயைத் திறந்தார்.

மேலே மாடி ஜன்னல் திறந்திருந்தது.

"எக்கா!" என்று கத்தினார், மெஷின் நின்றது தெரியாதவர் போல. "தூளை வாங்கிட்டு வீட்டுக்கு வா! ஸ்பீக்கர்ல போடுதேன்! தெருவே கேக்கட்டும்!"

மாடியிலிருந்து சிம்பல் சத்தம் வரவில்லை.