எட்டுக் காலிக் கட்டங்கள்

புயலுக்குப் பிறகு கரை திரும்பாத மீனவர்களின் பட்டியல், பதினேழு கிராமங்களிலிருந்து அந்த நிவாரண அலுவலகத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் எக்ஸெலில் ஒரே பட்டியலாக்கும் வேலை வேலப்பனுக்கு. முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர். அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்த செலின், அவரைவிட இருபது வயது இளையவர். கிண்டலாகத்தான் அவரைக் ‘குருவே’ என்று அழைக்கத் தொடங்கினார் வேலப்பன். பிறகு அதுவே பழகிவிட்டது.

“குருவே, ஊர்ப் பெயர் முதல் ஆளுக்கு மட்டும்தான் இருக்கு. கீழே எல்லாம் காலி.”

“கிராமத்தில அப்படித்தான் சார் எழுதுவாங்க. மேலே உள்ள ஊரேதான் கீழேயும். காலிக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே இருக்கிறதை நிரப்பச் சொல்லுங்க. ஒரே தட்டு.”

தட்டினார். நானூறு கட்டங்கள் நிரம்பின.

“இது தெரியாம முப்பது வருஷம் விரல் தேய்ஞ்சிருக்கேன்.”

செலின் சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்.

வேலப்பன் இந்த முறை பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துத் தட்டினார். எங்கும் ஒரு காலிக் கட்டம் இல்லை. அப்போது மணி பதினொன்று. பட்டியலைக் கிராமங்களுக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை வியாகுலம் என்ற பெண் வந்தார்.

“நேத்து சாயங்காலம் மாதா கோயில்ல துக்க மணி அடிச்சிட்டாங்க. என் வீட்டுக்காரர் உடல் கிடைச்சதா பட்டியல்ல இருக்காம். எங்கேய்யா உடல்?”

செலின் பட்டியலைத் திறந்தார். சவரிராயன். உடல் கரை ஒதுங்கிய நாள், டிசம்பர் நான்கு. அடையாளம், வலது காதுக்குக் கீழே தீக்காயத் தழும்பு. அவருக்குக் கீழே, அதுவரை உடல் கிடைக்காத எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் அதே நாள், அதே காது, அதே தழும்பு. மூன்றாவது பெயர் மிக்கேல்பிச்சை, வியாகுலத்தின் கணவர்.

“அவருக்குக் காதுகிட்ட தழும்பு உண்டாம்மா?”

“கிடையாது.”

வேலப்பன் எழுந்து நின்றார். “தப்பு என்னோடதும்மா. மேலே இருந்ததை நான் கீழே நிரப்பிட்டேன்.”

வியாகுலம் திட்டவில்லை. “நேத்து பதினோரு மணிக்கா?”

“எப்படித் தெரியும்?”

“அவர் போன் அவரோட கடலுக்குப் போச்சு. தினமும் கூப்பிடுவேன். மணி அடிக்கும், எடுக்க மாட்டார். சார்ஜ் இருபது நாள் நிக்குமான்னு ஊரே கேக்குது. நான் கேக்கிறதில்லை. நேத்து பத்தரைக்கும் அடிச்சுது. பதினொண்ணுக்கு மேல, அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது.”

செலின் திரையை வேலப்பன் பக்கம் திருப்பினார்.

“அழிங்க சார்” என்றார் செலின். “மொத்தமா வேண்டாம். ஒவ்வொரு பெயரா வாசிச்சு, அந்த நாளையும் தழும்பையும் அழிங்க.”

வேலப்பன் வாசித்தார். முதல் பெயர். இரண்டாவது பெயர். மூன்றாவது பெயர். மிக்கேல்பிச்சை. கட்டம் வெள்ளையானது.

வியாகுலம் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேசைமேல் வைத்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் அதை அணைக்காமல் கையில் எடுத்துக்கொண்டார். “கோயில் சாமியார்கிட்ட சொல்லணும், நேத்து அடிச்ச மணி செல்லாதுன்னு.”

படியிறங்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

மீதி ஐந்து பெயர்களையும் வேலப்பன் வாசித்து, கட்டங்களை அழித்தார். மற்ற ஏழு வீடுகளுக்கும் தானே போய்ச் சொல்வதாக முகவரிகளை எழுதிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மவுஸை மெல்ல மேலே நகர்த்தினார். சவரிராயனின் கட்டத்தில் நிறுத்தினார்.

“குருவே, இதையும் காலி பண்ணிப் பார்க்கட்டுமா?”

செலின் திரையைப் பார்க்கவில்லை.

“அந்த வரி நான் எழுதினது சார். பிணவறையில போர்வையை விலக்கி, காதைத் திருப்பிப் பார்த்துட்டு எழுதினேன்.”