உள்தையல்

ஓர் ஆஸ்பத்திரித் தட்டில் இரண்டு தையல் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று நைலான். மற்றது மக்காச்சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் செய்த நூல், உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

நைலானுக்கு வாய் அதிகம். "பத்தாம் நாள் என்னைப் பிரிச்சு எடுப்பாங்க. உன்னை யார் தேடப்போறா?"

சோளநூலுக்கு இருந்தது ஒரே ஏக்கம்: சோளக்காட்டுக் காற்றில் இன்னொரு தடவை நிற்க வேண்டும். நூலாகிவிட்ட பிறகு என்ன காடு, என்ன காற்று? ஆனாலும் ஆசை யாரை விட்டது!

அன்று பூவாயிக்கு வயிற்றில் ஆபரேஷன். நைலான் மேல்தோலைத் தைத்தது. சோளநூல் உள்ளே போனது.

மயக்கம் தெளிந்ததும் பூவாயி நர்சிடம் கேட்டாள். "எப்பம்மா வீட்டுக்கு விடுவீங்க? எங்க காட்டுல மக்காச்சோளம் முத்திக் கெடக்கு."

"வீட்டுக்குப் போலாம். காட்டுக்கு மூணு மாசம் போகக் கூடாது. குனியவே கூடாது."

சோளநூல் துள்ளியது. "இவங்க காடு சோளக்காடா! நான் அங்கே போக வழி உண்டா?"

"உண்டு," என்றது ரத்தம். "நீ கரைஞ்சு கரியமில வாயுவானா உன்னைச் சுமந்துபோய் இவ மூச்சுல விட்டுடுவேன்."

"அப்போ இப்பவே கரையறேன்!"

"ஐயோ, வேண்டாம்," என்று பதறின காயத்தின் இரு ஓரங்களும். "நாங்க இன்னும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கோம். நீ விட்டா இவ வயிறு பிரிஞ்சிடும்."

நூல் இறுகப் பிடித்துக்கொண்டது.

பத்தாம் நாள் நைலான் விடைபெற்றது. இருபதாம் நாள் காட்டில் அறுவடை மிஷின் ஓடும் சத்தம் வீடுவரை கேட்டது. பூவாயி கட்டிலில் படுத்தபடி அழுதாள். உள்ளே நூலுக்கும் தாங்கவில்லை. ஆனால் பிடியை விடவில்லை.

மாதங்கள் கழித்து ஓரங்கள் சொன்னன: "நாங்க சேர்ந்துட்டோம். இனி நீ போகலாம்."

நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அதன் கடைசித் துளி கரைந்த அன்றுதான் பூவாயி காட்டுக்குப் போனாள். அறுத்த சோளத்தட்டைகளின் அடிக்கட்டைகள்தான் நின்றன. அவள் நெடுமூச்சு விட்டாள். அதில் நூல் வெளியே வந்தது. ஆசைப்பட்ட காற்று இருந்தது. வாயுவாகிவிட்ட அதை வாங்கிக்கொள்ள ஒரு பச்சை இலை இல்லை.

மிஷின் தவறவிட்ட கதிர் ஒன்று மண்ணில் கிடந்தது. பூவாயி சட்டென்று குனிந்து அதை எடுத்தாள். வலிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை.