ஃபீபியின் கதவில் ஏறிய கறையான்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தப்பாகச் சொன்னால் சொன்னவர் வீட்டுக்கே கறையான் வந்து, "எங்கே, இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்குமாம். வேலூரில் ஆஸ்பத்திரிக்காகத் தங்கியிருந்த லாட்ஜில், பக்கத்து அறையில் இருந்த சியரா லியோன் நாட்டு அம்மா அப்படித்தான் எச்சரித்தாள். அவள் தன் ஊர்ப் பேச்சில் சொன்னாள், அவள் மகள் இங்கிலீஷில் சொன்னாள், லாட்ஜ் மேனேஜர் தமிழில் சொன்னார். அப்படிக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். வழியில் எது சிந்தியதோ தெரியவில்லை. என் பங்குக்கு ஒன்றும் சேர்க்காமல், கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வாய் உள்ளதெல்லாம் பேசியது. மனிதரும் நின்று கேட்டார்கள். கறையான் இப்போது போல மண்ணுக்குள் ஒளிந்து நடக்காது. எறும்பு மாதிரி பட்டப்பகலில், வெட்டவெளியில், வரிசையாகப் போகும். வெயில் சுடும், கோழி கொத்தும், இருந்தாலும் அதற்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது.

அப்போது மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் சிங்கமலை என்று ஒரு மலை இருந்தது. கடலிலிருந்து பார்த்தால் சிங்கம் படுத்திருக்கிற மாதிரி தெரியுமாம். அந்தக் கரைக்குக் கப்பல்கள் வந்து ஆட்களைப் பிடித்துப்போய்க் கடலுக்கு அந்தப் பக்கம் விற்றன. ஃபீபி அப்படிப் போனவள். போகும்போது பால்பல் விழாத குழந்தை. சொந்தப் பெயர் கப்பலிலேயே போய்விட்டது. ஃபீபி என்பது வாங்கினவர்கள் வைத்த பெயர்.

அவளை விற்ற நாட்டில், அங்கிருந்த முதலாளிகளுக்கும் அவர்களை ஆண்ட ராஜாவுக்கும் ஒரு சண்டை வந்தது. "எங்கள் பக்கம் வந்துவிடு, உனக்கு விடுதலை" என்று ராஜாவின் ஆட்கள் சொன்னார்கள். ஃபீபி ஓடிவந்தாள். ராஜா பக்கம் தோற்றது. ஆனாலும் சொன்ன சொல்லுக்காக அவளைப் போன்றவர்களை வடக்கே ஒரு குளிர்நாட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். நிலம் தருகிறோம் என்றார்கள், பாறையைக் காட்டினார்கள். பாறையைப் பெயர்த்து ஒரு குடிசை போட்டால், "இந்த இடம் வேறு ஆளுக்கு, எழுந்திரு" என்றார்கள். இன்னொரு இடத்தில் போட்டால் அங்கேயும் வந்து "எழுந்திரு" என்றார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே ஃபீபி மூட்டையைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் குளிரில்தான் சைரஸ் என்ற தச்சனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "உனக்கு என்ன வேணும், சொல்லு, செஞ்சு தரேன்" என்றான் அவன்.

"ஒரு கதவு."

"வீடே இல்லையேடி."

"வீடு வர்றப்போ வரட்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வை. நான் இதுவரைக்கும் தூங்கின எல்லா இடத்துக்கும் வெளியிலதான் தாழ்ப்பாள் இருந்துச்சு."

சைரஸ் அன்றைக்கே மரம் தேடிப் போனான். நல்ல கட்டையாகப் பார்த்து, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்து, கதவு செய்தான்.

பிறகு ஒரு நாள், "சிங்கமலைக்கே திரும்பிப் போகலாம், அங்கே உங்களுக்கென்று ஒரு ஊர் கட்டிக்கொள்ளலாம்" என்று செய்தி வந்தது. விடுதலையான சனமெல்லாம் கப்பல் ஏறியது. மற்றவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள், பானையைத் தூக்கினார்கள். ஃபீபி கதவைத் தூக்கினாள்.

"கதவைத் திறந்துக்கிட்டு நடுக்கடல்ல இறங்கப் போறியா, ஃபீபி?" என்று கப்பல் முழுக்கச் சிரிப்பு.

"இறங்கினா உன்னைத்தான் முதல்ல தள்ளுவேன்" என்றாள் அவள். அந்தக் கதவின் மேல்தான் படுத்தாள், அதன் மேல்தான் சாப்பிட்டாள். மகள் டார்க்கஸ் நடை பழகினதும் அதன் மேல்தான்.

சிங்கமலையில் இறங்கினார்கள். கயிறு பிடித்து அளந்து, ஆளுக்கொரு மனை கொடுத்தார்கள். ஃபீபிக்குக் கிடைத்த மனை மலைச்சரிவில் நல்ல இடம். கடல் தெரியும், காற்று வரும். ஆனால் நடுவிலே சைரஸைவிட உயரமாக ஒரு கறையான் புற்று.

"இதை இடிச்சுப்புடலாம்" என்றான் சைரஸ். "இந்த மண்ணைப் பிசைஞ்சு தரை போட்டா சாணைக்கல்லு மாதிரி நிக்கும். மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்."

மழை பக்கத்தில் வந்துவிட்டது. கப்பல் பாயைக் கிழித்துக் கட்டின கூடாரத்தில்தான் எல்லாரும் கிடந்தார்கள். அந்த ஊர் மழை ஆரம்பித்தால் மாதக்கணக்கில் விடாது. கூடாரத்தில் ஏற்கெனவே காய்ச்சல் தொடங்கியிருந்தது. டார்க்கஸுக்கு முந்தின ராத்திரியிலிருந்து உடம்பு கணகணவென்று இருந்தது. வீடு சீக்கிரம் எழும்பாவிட்டால் குழந்தை என்ன ஆகும் என்பது ஒன்றுதான் ஃபீபியின் மண்டைக்குள் ஓடியது.

கதவைப் புற்றின்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். வந்து பார்த்தால், கதவின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கறையான்.

"அடப்பாவிங்களா!" என்று குடத்தைப் போட்டாள். "என் கதவு!"

வரிசையின் முன்னால் நின்ற பெருந்தலைக் கறையான் நிமிர்ந்தது. "எங்க வீட்டுச் சுவர்ல சாய்ச்சு வெச்சது யாரு?"

"இது என் மனை!"

"அப்படியா? யார் குடுத்தா?"

"கயிறு பிடிச்சு அளந்து குடுத்தாங்க."

அந்தப் பக்கமாக மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு போன யாபோமே நின்றாள். அவள் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள், மலைக்கு அந்தண்டை கிராமம். ஃபீபிக்குக் கிழங்கு கொடுத்துப் பழக்கமாகி, தங்கச்சி என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தாள்.

"கயிறு பிடிச்சவங்க யாரைக் கேட்டாங்க, தங்கச்சி?" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களையும் சரியாக் கேக்கல. அதுங்களையும் கேட்டிருக்க மாட்டாங்க." யாபோமே கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சண்டையைப் பாதியில் விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

"கேக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல" என்று சைரஸ் மண்வெட்டியை ஓங்கினான். ஃபீபியும் தடுக்கவில்லை. அவளே புற்றைப் பார்த்து, "உள்ள இருக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, எழுந்திரு! எழுந்து போ!" என்று கத்தினாள்.

மண்வெட்டி இறங்கியது. புற்றின் மேல்பக்கம் உடைந்து ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டக். டக்டக். டக்.

கறையான்கள் தலையைச் சுவரில் முட்டிச் சத்தம் எழுப்பின. ஃபீபிக்கு அது தெரிந்த சத்தம். சின்னப் பிள்ளையாகக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தபோது கேட்ட சத்தம் அது. அந்த இருட்டில் ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாது. அதனால் பலகையைத் தட்டுவார்கள். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்டினால், நானும் இருக்கிறேன் என்று அர்த்தம். திருப்பிச் சத்தம் வராத பக்கத்தை நினைத்து அழுவார்கள்.

"சைரஸ், நிறுத்து."

"என்னடி?"

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

ஃபீபி புற்றில் காதை வைத்தாள். விரல் முட்டியால் மெல்லத் தட்டினாள். உள்ளே சத்தம் அடங்கியது. பிறகு ஆழத்திலிருந்து ஒரு குரல், தூங்கி எழுந்த அம்மாவின் குரல் மாதிரி வந்தது.

"யாரம்மா மேலே?"

"நான்... ஃபீபி. மனைக்காரி."

"நான் இந்தப் புற்றுக்குத் தாய். எழுந்து போன்னு நீதானே சொன்னே? போக முடிஞ்சா போயிடுவேன் அம்மா. என்னால எழுந்திருக்க முடியாது. உடம்பு பெருத்துப்போச்சு. என்னைச் சுத்திச் சுவர் வெச்சுப் பூட்டி, அதுக்குள்ளதான் பிள்ளைங்க எனக்கு ஊட்டுதுங்க. என் அறைக்குக் கதவு கிடையாது."

ஃபீபி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தன் வாயிலிருந்தா அந்தச் சொல் வந்தது என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது, அந்த வருஷத்து முதல் மழை. பொட்டுப் பொட்டாகத் தொடங்கி, சைரஸ் மண்வெட்டியைக் கீழே போடுவதற்குள் கொட்டத் தொடங்கியது. பிளந்த வாய் வழியாகத் தண்ணீர் புற்றுக்குள் இறங்கியது. உள்ளே மறுபடி டக்டக், டக்டக் என்று வேகம் வேகமாகச் சத்தம்.

"ஓடு, தங்கச்சி, குழந்தையைப் பார்!" என்றாள் யாபோமே.

"அக்கா, நீ டார்க்கஸை உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடு. உன் கூரை ஒழுகாது."

"நீ?"

"நான் வரேன். போ!"

யாபோமே கூடாரத்துக்கு ஓடிக் குழந்தையை வாரிக்கொண்டு போனாள். ஃபீபி கதவைத் தூக்கினாள். கடல் தாண்டிக் கொண்டுவந்த கதவு, ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளுமே என்று போர்வை போர்த்தி வைத்திருந்த கதவு. அதைத் தூக்கி, புற்றின் பிளந்த வாயில் சாத்தி, முதுகு கொடுத்து நின்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தின சைரஸ், அடுத்த நிமிஷம் தானும் வந்து தோளைக் கொடுத்தான். காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது. இருவரும் விடவில்லை.

கதவுக்கும் புற்றுக்கும் நடுவில் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. பெருந்தலை வெளியே வந்தது. "அம்மா, மேல்பக்கத்துச் சந்தை அடைக்கணும். உன் கதவு மேல ஏறிப் போகணும். ஏறட்டுமா?"

ஃபீபிக்கு ஊர்கிற எதைப் பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "ஏறு. ஆனா என் கண்ணுல படாம ஏறு. உன்னைப் பார்த்தா நான் கத்திக் கையை விட்டுடுவேன். அப்புறம், என் கதவைக் கடிக்கக் கூடாது!"

"எங்களுக்குக் கண்ணு கிடையாதும்மா. உன் கண்ணுல படறோமான்னு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியாது. ஏதாவது போட்டு மூடிக்கிட்டுப் போ!"

கறையான்கள் யோசித்தன. பிறகு ஈர மண்ணை வாயில் எடுத்து, எச்சில் கூட்டி, கதவின் மேல் சின்னதாக ஒரு கூரை வைத்தன. அந்தக் கூரைக்குள் ஒரு அடி நகர்ந்தன. மறுபடி கூரை வைத்தன, மறுபடி நகர்ந்தன. பசியோடுதான் இருந்தன. நல்ல மரம் வாய்க்கு நேரே இருந்தது. ஒன்றும் கடிக்கவில்லை. மழை ஓயும்வரை ஃபீபியின் முதுகுக்குப் பின்னால் அந்த மண்கோடு வளர்ந்து வளர்ந்து மேலே போய்ச் சந்தை அடைத்தது.

மழை விட்டதும் ஃபீபி கண்ணைத் திறந்து பார்த்தாள். கதவில் பழுப்பாக ஒரு கோடு, நெளிந்து நெளிந்து, நரம்பு மாதிரி. அடியில் மரம் அப்படியே இருந்தது.

"ஒழுங்காத்தான் போயிருக்குதுங்க" என்றான் சைரஸ், தன் வேலையை வேறொரு தச்சன் பாராட்டின மாதிரி.

ஃபீபி புற்றைத் தட்டினாள். டக் என்று பதில் வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மனைக்காரி," என்றது தாய்க் கறையான், "உனக்கும் வீடு வேணுமே. பாதி மனையில நீ கட்டு. கல்லை அடுக்கி, அதுக்கு மேல பலகை வை. கல்லுக்கு மேல உன்னுது, கல்லுக்குக் கீழ என்னுது. என் பக்கம் உதிர்ற மண்ணை எடுத்துத் தரை போட்டுக்கோ."

"என்னைக்காவது உன் பிள்ளைங்க தெரியாம மேல வந்துட்டா?"

"வந்தா இந்தக் கூரை போட்டுத்தான் வரும். கோடு தெரியும். தெரிஞ்சா நீ தட்டு. ஆள் இருக்குன்னு புரிஞ்சு திரும்பிடும். தட்ட ஆள் இல்லாத வீடு மண்ணோட வீடு. அதைச் சாப்பிடலாம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடறேன்."

டார்க்கஸுக்கு யாபோமே வீட்டு உலர்ந்த பாயில் காய்ச்சல் இறங்கியது. பிறகு ஃபீபி யாபோமேயோடு மலைக்கு அந்தண்டை போய், அவள் கிராமத்தாரிடமும் மனையைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பேச்சு இத்தனை சுலபமாக முடியவில்லை. ஆனால் கேட்டாள்.

கல்லின் மேல் பலகை வீடு எழும்பியது. கதவை மாட்டினார்கள். முதல் நாள் ஃபீபி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே நின்ற சைரஸ், "என்னை உள்ள விடற எண்ணம் உண்டா இல்லையா?" என்று கேட்டான்.

"தட்டு, விடறேன்" என்றாள்.

அன்று முதல்தான் சிங்கமலையில் பலகை வீடுகள் கல்லின் மேல் நிற்கின்றன. அன்று முதல்தான் கறையான் எந்த நாட்டிலும் மண்ணால் கூரை போட்டுக்கொண்டு, நம் கண்ணில் படாமல் நடக்கிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டைத் தேடிப் போகிறது.

நாங்கள் வேலூரிலிருந்து திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது வாசல்காலில் இந்த நீளத்துக்கு ஒரு மண்கோடு. கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்து, விரல் முட்டியால் வாசல்காலைத் தட்டி, "நாங்க வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு, காதை வைத்துப் பார்த்தேன். பிறகு இந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை, தப்பிருந்தால் இப்போதே சொல்லிவிடட்டும் என்று, அந்த வாசல்காலிடமே ஒரு தரம் சொல்லி முடித்தேன்.